யூதாஸ் வீட்டுப் பேத்தி

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது அமலராணி டீச்சர் வழிமறித்தார்.

"ஜாஸ்லின், பாஸ்காவுக்கு ரெண்டே மாசந்தான் இருக்கு. யூதாஸ் வேஷத்துக்கு ஆள் கிடைக்கலம்மா. உங்க வீட்ல யாராச்சும் போடுவீங்களா?"

எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? மேடை ஏறினால் அப்பாவுக்குக் கை நடுங்கும். அம்மா சிரித்துவிடுவாள். நான் சவுண்டு மேசையை விட்டு நகர முடியாது. தாத்தா நவம்பரில் போய்விட்டார். அவ்வளவுதான் எங்கள் வீடு.

"பாக்கலாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நடந்தே வந்தேன். தாத்தா இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். தேடத்தானே வேண்டும்? தெரியும். தெரிந்தும் பற்றிக்கொண்டு வருகிறது.

11 பிப்ரவரி

ஸ்ரீரங்கம் தபால் ஆபீசில் எனக்குப் பக்கத்து கவுண்டர் தேவதர்ஷினி. மதியம் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்தாள். "ஏன்டி ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சுண்டிருக்கே?"

சித்திரை வீதியில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பாஸ்கா பற்றி என்ன தெரியும்? முதலிலிருந்து சொன்னேன். இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவதுதான் பாஸ்கா. எங்கள் சர்ச்சுப் பங்கில் குருத்து ஞாயிறுக்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளும் கோயில் மைதானத்தில் நடக்கும். வசனம் முழுவதும் 2011-லேயே பதிவு செய்தாயிற்று. மேடையில் இருப்பவர்கள் வாயை அசைத்தால் போதும். எட்டு வருஷமாக லேப்டாப்பில் அதை ஓட்டுவது நான். யூதாஸ், கூடவே இருந்து இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன். அந்த வேஷம் பெஞ்சமின் தாத்தாவுடையது. 1985-லிருந்து போன வருஷம் வரைக்கும். நடுவில் கொரோனாவுக்கு மட்டும் இரண்டு வருஷம் லீவு.

"அவ்ளோ வருஷமும் வில்லனா? ஒரு தடவகூட நல்ல வேஷம் குடுக்கலையா? பாவம்டி."

பாவமாம்! கேட்டிருந்தால் தலைமைச் சீடர் பேதுரு வேஷமே கொடுத்திருப்பார்கள். அவர்தான் வேண்டாம் என்றார்.

முதல் வருஷம் யூதாஸாக நடிக்க இருந்த பையனை அவன் அம்மா மேடைக்குப் பின்னாலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். கல்யாணம் ஆகாத பிள்ளை, யூதாஸ் என்று பேர் வந்தால் எவன் பெண் கொடுப்பான்? கைலாசபுரம் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்துவிட்டு டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்த தாத்தா ஏணியிலிருந்து இறங்கினார். "யாராச்சும் ஒருத்தன் கெட்ட பேரு எடுத்துதானே ஆகணும்? அந்த அங்கிய இங்க குடுங்க" என்றார். அன்றைக்குப் போட்டவர்தான்.

16 பிப்ரவரி, ஞாயிறு

தாத்தாவின் சட்டைகளை இன்று மடித்து அடுக்கினோம். நடுவில் அம்மா தானாகச் சிரிக்க ஆரம்பித்தாள். அவளைப் பெண் கேட்ட கதை. நூறு தடவை கேட்டதுதான். ஆனால் தாத்தா குறுக்கே புகுந்து திருத்தாமல் அம்மா தனியாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அம்மாவின் அப்பா மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வையம்பட்டியிலிருந்து வந்திருக்கிறார். வரகனேரி டீக்கடையில் விசாரித்திருக்கிறார். "பெஞ்சமின் வீடு எதுங்க? கைலாசபுரத்துல கிரேன் ஓட்டுறாரே." டீக்கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டே, "அட, யூதாஸ் வீடா? நேராப் போயி ரெண்டாவது சந்து" என்றாராம். வந்தவர் அப்படியே திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டிவிட்டார். ஊரே அந்தப் பேர் வைக்கிற அளவுக்கு இந்த ஆள் என்ன அக்கிரமம் பண்ணினானோ என்று.

விஷயம் தெரிந்ததும் தாத்தா சைக்கிளை எடுத்திருக்கிறார். திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரைப் பிடித்து, "ஐயா, நாந்தான் யூதாஸ். எறங்குங்க. வீட்ல மீன் கொழம்பு ஆறிட்டிருக்கு" என்றாராம்.

"எங்கப்பா அந்த நிமிஷமே சம்மதிச்சுட்டாரு" என்றாள் அம்மா. "வீட்டக்கூடப் பாக்கல."

சட்டை எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. திரும்பவும் பீரோவில் வைத்துவிட்டோம்.

5 மார்ச், திருநீற்றுப் புதன்

பூசையில் நெற்றியில் பூசிய சாம்பலோடு சண்டை போட்டுவிட்டேன்.

யூதாஸ் கிடைத்துவிட்டான். ஆசீர். கோயிலுக்கு எதிர்ச் சந்தில் ஆட்டோ ஓட்டுகிறானே, அவன். இருபத்தாறு வயசு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவன் அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாராம். அவன் மசியவில்லை. இதுவரை எனக்குச் சந்தோஷம்தான்.

பூசை முடிந்து டீச்சர் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்தார். ஆசீர் எழுந்து, "டீச்சர், யூதாஸ் வசனத்த மட்டும் என் குரல்ல பதிவு பண்ணிக்கலாமா? தாத்தா குரல் என் மூஞ்சிக்குப் பொருந்துமான்னு..." என்றான். முடிக்க விட்டேனா நான்!

"பொருந்துமாவா? யாரு குரல் தெரியுமா அது? அந்தக் குரலுக்கு நீ பொருந்துறியான்னு பாருடா மொதல்ல."

டீச்சர் "ஜாஸ்லின்" என்றார். நான் நிற்கவில்லை. தாத்தா குரல் இல்லை என்றால் சவுண்டு மேசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வேறு ஆள் கிடையாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

கடைசியில் டீச்சர், "சரி, இந்த வருஷம் அவருக்கு மரியாதையா அவர் குரலே இருக்கட்டும்" என்றார். ஆசீர் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எனக்குத் திட்டுவதைவிட மோசம்.

பேசாவிட்டால் போகட்டும். ஜெயித்துவிட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

ஒத்திகைக்காக லேப்டாப்பைத் திறந்தேன். யூதாஸ் முதலில் வரும் இடம். தாத்தா குரல். கரகரவென்று, கிரேன் கேபினிலிருந்து கீழே இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி.

ஒரு வசனம்தான் கேட்டேன். மூடிவிட்டேன்.

அடக்கத்தன்று எவ்வளவு கூட்டம்! பேண்டு வாசிக்க வெளியூரிலிருந்து வந்த ஒருத்தர் என்னிடமே கேட்டார், "பெரிய தலைவருங்களா?" என்று. "யூதாஸுங்க" என்றேன். அவர் விழித்த விழி இருக்கிறதே. அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாக இருந்தது.

16 மார்ச், ஞாயிறு

ஒத்திகை. ஆசீருக்கு உதடு சேரவில்லை. தாத்தா நிறுத்தும் இடங்கள் அவனுக்குப் பிடிபடவில்லை. நான்கு தடவை ஓட்டினேன். ஐந்தாவது தடவை அவனே கேட்டான். "அக்கா, போன்ல அனுப்பிடுங்க. சவாரி போகும்போது கேட்டுக்கிட்டே பழகிக்கறேன்."

அனுப்பினேன். நன்றி அக்கா என்று பதில். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

23 மார்ச்

உதடு சேர்ந்துவிட்டது.

30 மார்ச், ஞாயிறு

இன்று அப்பா செருப்புக் கதையை ஒத்திகைக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அவராக வாய் திறந்ததே பெரிது.

யூதாஸை மைதானமே திட்டும். அது எங்கள் பங்கின் பழக்கம். இயேசுவை அடையாளம் காட்ட அவன் முத்தம் கொடுக்கும் இடம் வந்தால் முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று கையை நீட்டி ஏசுவார்கள். அதிலும் மெழுகுவத்தி விற்கும் சகாயம்மாள் பாட்டி இருக்கிறாரே, மண்ணை அள்ளித் தூற்றுவார். தாத்தா வீட்டுக்கு வந்து தலையைத் தட்டினால் மணல் கொட்டும். சாப்பிடும்போது யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். முகமெல்லாம் பல். "சகாயம்மா இன்னைக்குப் புதுசா ஒண்ணு சொன்னா பாரு, எங்கேருந்துதான் புடிக்கிறாளோ!" மறுநாள் காலையில் அதே சகாயம்மாளிடம் போய் மெழுகுவத்தி வாங்குவார். அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வருவார்.

ஒரு வருஷம் யாரோ செருப்பை வீசிவிட்டார்கள். புதுச் செருப்பு, ஒற்றைக் கால். மறுநாள் பூசைக்குத் தாத்தா அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நின்றார். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "உங்களுதுங்களா?" "உங்களுதுங்களாம்மா?" ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. "பாவம், மிச்சக் காலோட என்ன பண்ணுவாங்க" என்று ஒரு வாரம் கவலைப்பட்டார்.

ஆசீர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

5 ஏப்ரல், சனி

முதல் நாள் முடிந்தது.

தாத்தா குரல் ஸ்பீக்கரில் வந்ததும் மைதானம் அப்படியே நின்றுவிட்டது. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. முன்வரிசையில் யாரோ "ஐயோ, பெஞ்சமின் அண்ணன்" என்று சொன்னது எனக்கே கேட்டது. அப்புறம் அழுகை. ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குப் பரவிய அழுகை. யூதாஸ் தூக்குப் போட்டுக்கொள்ளும் இடத்தில் சிலர் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே ஓட்டினேன்.

முடிந்ததும் சகாயம்மாள் பாட்டி சவுண்டு மேசைக்கே வந்துவிட்டார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "அண்ணன் உசிரோட வந்து நின்ன மாதிரி இருந்துச்சுடி கண்ணு. நீ நல்லா இருப்பே" என்றார். நான் பிடிவாதம் பிடித்தது சரிதான். எத்தனை பேருடைய தாத்தாவுக்காக இப்படி ஒரு சனம் அழும்!

தேவதர்ஷினியும் வந்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. கூட்டத்தில் பேச முடியவில்லை. கையசைத்துவிட்டுப் போனாள்.

7 ஏப்ரல், திங்கள்

எப்படி எழுதுவது இதை?

காலையில் கவுண்டர் திறக்கும் முன்பே தேவதர்ஷினி வந்து உட்கார்ந்தாள். "நாடகம் பிரமாதம்டி. ராத்திரி பூரா அதே ஞாபகம். ஆனா ஒண்ணு புரியல. அந்தக் கரகரக் குரல்காரர் யாரு? எல்லாரும் அப்படி அழுதாளே. ரொம்ப நல்லவர்தானே அவர்? அவரை ஏன் கடைசில தூக்குல போட்டா?"

"அவருதான்டி யூதாஸ்."

"காட்டிக்குடுத்தவரா? போடி! சிலுவைய சுமந்தவருக்குக்கூட யாரும் அவ்ளோ அழலையே."

அதற்குள் ஒருத்தர் ஸ்பீடு போஸ்டோடு வந்து நின்றார். தேதி முத்திரையைத் தப்பாகக் குத்தி, அடித்து, மறுபடி குத்தினேன்.

அவள் தாத்தாவைப் பார்த்ததில்லை. மேடையை மட்டும் பார்த்தாள். மேடையில் இருந்தது அதுதான். இயேசுவைத் தனியாக விட்டுவிட்டு மைதானம் முழுக்க யூதாஸுக்காக அழுதிருக்கிறது. ஒருத்தர் திட்டவில்லை. ஒரு பிடி மண் விழவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லையே! பெருமையில் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தேனா நான்?

எந்த வேலையை இத்தனை வருஷம் மண்ணடி வாங்கிச் செய்தாரோ, அதை ஒரே நாளில் நான் கெடுத்துவிட்டேன். அவர் குரலை வைத்தே கெடுத்துவிட்டேன். ச்சே.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாப்பா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எனக்கும் அந்தக் குரல இன்னொரு தடவ கேக்கணும்போல இருந்துச்சும்மா" என்றார்.

8 ஏப்ரல், செவ்வாய்

ஆபீசிலிருந்து நேரே ஆட்டோ ஸ்டாண்டு. ஆசீர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆசீர், உன் குரல்லயே பண்ணிடலாம். சனிக்கிழமைக்குள்ள."

துணியை உதறி மடித்தான். பிறகு, "என் மேல கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

"நான் எதுக்குடா கோவப்படணும்? நீதான் படணும். எல்லார் முன்னாடியும் உன்ன அப்படிப் பேசிட்டேன்."

"பேசினது பரவால்லக்கா. சனிக்கிழமை ஷோ முடிஞ்சு எங்கம்மா சொன்னாங்க, ஒருத்தரும் உன்னத் திட்டலடா, தப்பிச்சோம்னு. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இதுக்காடா வீட்ல அவ்ளோ சண்டை போட்டோம்னு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "தாத்தா எறங்கி வந்தா கேப்பாரு, என்னடா, உனக்கு ஒரு கல்லுகூட விழலையான்னு."

மன்னிச்சுடு ஆசீர் என்று நடு ஸ்டாண்டில் சொன்னேன். பக்கத்து ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டீச்சருக்குப் போன் போட்டேன். "நீயே சொல்லுவேன்னு தெரியும்" என்றார். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

9 ஏப்ரல், புதன்

என் அறையில் பதிவு. ஃபேன் சத்தம் விழும் என்று நிறுத்தியாயிற்று. ஜன்னலுக்குப் போர்வை. இரண்டு பேருக்கும் வியர்வை ஊற்றுகிறது. நல்ல இடத்தில் அம்மாவின் குக்கர் விசில் அடித்தது. யூதாஸ் தலைமைக் குருவிடம் பேரம் பேசும்போது ஒரு விசில்! மறுபடி முதலிலிருந்து.

ஆசீர் தாத்தா மாதிரியே பேசுகிறான். அதே கரகரப்பு, அதே நிறுத்தம். கேட்டுக் கேட்டு நாக்கில் ஏறிவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"அவரு மாதிரி வேணாம்டா. நீ பேசு."

"நீங்கதானக்கா அவர் நிறுத்துற எடத்துல நிறுத்தச் சொன்னீங்க?"

"இப்ப நிறுத்த வேணாங்கறேன்ல! சவாரிக்கு வர்றவங்கிட்ட எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசு."

பேசினான். மிருதுவாக, இனிக்க இனிக்க, வாங்க உட்காருங்க என்கிற மாதிரி. தாத்தாவின் யூதாஸ் முரடன். இவன் அப்படி இல்லை, சிரித்துக்கொண்டே செய்கிறான். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

10 ஏப்ரல்

வெட்ட வேண்டிய இடங்கள் இருபத்தேழு. ஒவ்வொன்றிலும் தாத்தாவை எடுத்துவிட்டு ஆசீரை வைக்க வேண்டும். பழைய பதிவை மூன்று இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். இருந்தும் முதல் இடத்தில் விரல் நகரவில்லை. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இருபத்தேழும் முடிந்தது.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

நேற்று எழுதத் தெம்பில்லை. இன்று பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

முதல் காட்சியில் புதுக் குரல் வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அண்ணன் குரல் எங்க?" என்று யாரோ கேட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது காட்சியில் சலசலப்பு இல்லை. இராவுணவுக் காட்சியில் ஆசீர் சிரித்த முகமாக அப்பத்தை வாங்கினான். முன்வரிசையில் ஒரு குரல், "சிரிக்கிறான் பாரு! வெக்கங்கெட்டவன்!" சகாயம்மாள் பாட்டி. எனக்கு உயிரே வந்தது.

அப்புறம் இயேசுவைப் பிடிக்கும் தோட்டக் காட்சி. விளக்கெல்லாம் குறைத்து, ஆசீர் மட்டும் நடந்து வருகிறான். அவசரமே இல்லை. ஏதோ நண்பனைப் பார்க்க வருகிறவன் போல, கையை விரித்துக்கொண்டு. அடுத்து நான் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. தட்டினேனா என்றே நினைவில்லை. அவன் குனிந்து முத்தம் கொடுத்த நொடியில், "அடப்பாவி! உன்ன நம்பி வந்தவர்டா அவரு!" என்று ஒரு சத்தம். யார் கத்தியது என்று திரும்பினேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்தான். சவுண்டு மேசையில் எழுந்து நின்று, கையை நீட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகு மைதானம் கட்டுக்கடங்கவில்லை. மண் பறந்தது. யாரோ தண்ணீர்ப் பாட்டிலை வீசினார்கள். அடுத்த காட்சியின் வசனம் எதுவும் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் சிலுவை வந்தபோது, எத்தனை பேர் அழுதார்கள்! இயேசுவுக்காகவே அழுதார்கள்.

முடிந்ததும் ஆசீர் தலையெல்லாம் மணலோடு ஓடி வந்தான். "அக்கா, எப்படி இருந்துச்சு?"

"எம் மூஞ்சில முழிக்காத. துரோகி" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் அம்மா முந்தானையால் அவன் தலையைத் தட்டிக்கொண்டே, "எங்க பார்த்தாலும் எம் புள்ளையத்தான் ஏசுறாங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். புகார் சொல்லும் குரலாக அது இல்லை.

ஒயர்களைச் சுற்றி வைக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். தானாகப் பேசினார்.

"உனக்கு அஞ்சு வயசு இருக்கும். முத்தம் குடுக்குற எடத்துல மேடைக்கு ஓடி வந்து, எந்தாத்தாவத் திட்டாதீங்கன்னு ரெண்டு காலையும் கட்டிக்கிட்டே. நாடகம் நின்னு போச்சு. அவர் வீட்டுக்கு வந்து சொன்னாரு, ஊரையே ஏமாத்திட்டேன், இந்தப் புள்ளைய மட்டும் முடியல, என் நடிப்புல என்னமோ கொறை இருக்குன்னு. போன வருஷங்கூட மேடைய விட்டு எறங்கினதும் எங்கிட்ட அதத்தான் கேட்டாரு. ஜாஸ்லின் திட்டினாளாடா?"

"என்ன சொன்னீங்க?"

"இல்லப்பான்னு சொன்னேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு."